வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு கேள்வி

எங்கள் தொழிலில் ஒருவரைக் கடைசியாக உயிரோடு பார்ப்பது பெரும்பாலும் அவர் குணமாகி வீட்டுக்குப் போகும்போதுதான். வேலுச்சாமியை நான் கடைசியாகப் பார்த்தபோது அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்றை, பெருக்கும்போது யாரோ சுவரோரம் தள்ளியிருந்தார்கள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நீங்களும் ஒரு தடவையாவது ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி வாசலில் நின்றிருப்பீர்கள். உள்ளே எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் மட்டும் யாரும் வரமாட்டார்கள். அப்படி ஓடியவர்களில் ஒருவனாகப் பதினொரு வருஷமும், ஓடாமல் உட்கார்ந்திருந்தவனாகப் பதினைந்து வருஷமும் பெங்களூரில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். ஆண் நர்சை இங்கே 'பிரதர்' என்பார்கள். என்னிடம் இருந்தது மூன்று வருஷ நர்சிங் டிப்ளமோ மட்டும். 'மனநல நர்ஸ்' என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். அதற்கான படிப்பை அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில், அட்டை கிழிந்த புத்தகங்களில் நானாகவே படித்தேன். சில புத்தகங்களில் கடைசி அத்தியாயமும் கிழிந்திருக்கும். அந்த வியாதிகளுக்கெல்லாம் மருந்து என்ன என்று எனக்கு வெகுநாள் தெரியாது.

நன்றாகிவிட்டது

வேலுச்சாமி பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர். நாற்பது வயது இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மாத்திரைகளை விழுங்கிவிட்டார் என்று அவருடைய மச்சான் ஆட்டோவில் கொண்டுவந்தார். வயிற்றைக் கழுவினோம், சலைன் ஏற்றினோம், இரண்டு நாள் வைத்திருந்து காப்பாற்றினோம். அப்போது நான் ஓடுகிறவர்களில் ஒருவன்.

வியாழக்கிழமை மதியம் டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போவது உள்ளே வருவதைவிடக் கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். அவரிடம் விலாசம் கேட்டார்கள், ரேஷன் கார்டு கேட்டார்கள், கம்பெனி இன்ஷூரன்ஸ் கேட்டார்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார்கள். போலீஸ்காரர் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் 'வயிற்று வலி' என்று எழுதிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் வேலுச்சாமி பொறுமையாகப் பதில் சொன்னார். செத்துப் போகலாம் என்று இன்னும் தோன்றுகிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி யாருடைய படிவத்திலும் இல்லை. நான் அவர் கையிலிருந்த ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, "அஞ்சு நிமிஷம் மடக்கி வெச்சிருங்க" என்றேன். அவர், "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் பிரதர். இங்கேர்ந்து பீன்யாவுக்கு நேர் பஸ் இருக்கா?" என்று கேட்டார். எந்த ஸ்டாப்பில் நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் அதே மச்சான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார். இந்தத் தடவை நாங்கள் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. மச்சான் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த டிஸ்சார்ஜ் தாளை எடுத்து விரித்து, 'நிலைமை சீர்' என்று பொருள்படும் வரியில் விரலை வைத்தார். "நல்லாயிடுச்சுன்னுதானே பிரதர் எழுதிக் குடுத்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஷிப்ட் மாத்திக்கிட்டுக் கூடவே இருந்திருப்பேனே."

ஆறு மாதத்துக்கு மட்டும்

அந்த மாதம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பிறகு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு சூப்பரின்டெண்டென்டைப் பார்க்கப் போனேன். ஒரே ஒரு கோரிக்கை. உயிரை விட முயன்று வந்த யாரும், பக்கத்தில் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து அந்தக் கேள்வியை நேராகக் கேட்காமல், வீட்டுக்குப் போகக் கூடாது. பதில் சரியில்லை என்றால் மனநல டாக்டர் வந்து பார்க்கும்வரை அந்தக் கட்டிலைக் காலி செய்யக் கூடாது. மனநல டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது செவ்வாயும் வெள்ளியும், காலை பதினொன்றிலிருந்து ஒன்றுவரை. மனம் உடைகிறவர்கள் நாள் பார்த்து உடைந்தால் எந்தச் சிக்கலும் இல்லை என்பதுபோல் இருந்தது அந்த ஏற்பாடு. வேலுச்சாமிக்கு நாள் பார்க்கத் தெரியவில்லை. செவ்வாய் சாயங்காலம் வந்து வியாழன் மதியம் போய்விட்டார்.

சூப்பரின்டெண்டென்ட் கெட்டவர் அல்ல. அவரிடம் இருந்தது பன்னிரண்டு கட்டில். வாசலில் எப்போதும் பதினைந்து பேர். "யார் உக்காருவாங்க?" என்றார். "நான் சார்." "அப்ப உங்க வேலைய யார் பாப்பாங்க?" "அதையும் நானே பாத்துக்கறேன் சார்." எந்த நிர்வாகத்துக்கும் பிடித்த பதில் இது. ஆறு மாதம் நடத்திப் பார்ப்போம், கட்டில் அடைந்து போனால் அன்றைக்கே நிறுத்திவிடுவேன் என்றார். எழுத்தில் எதுவும் தரவில்லை. நான் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "கேளுங்க பிரதர், வேணாங்கல. ஆனா நீங்க கேக்கப் போயி யாருக்காவது புதுசா அந்த யோசனை வந்துச்சுன்னா, அது உங்க தலையிலதான்."

வீட்டுப் பாடம்

முதல் இரண்டு வாரத்தில் எட்டுப் பேரிடம் கேட்டேன். எட்டுப் பேரும் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சுலபமாக ஜனங்கள் குணமாகிறார்கள் என்று ஒக்கலிபுரம் வீட்டுக்கு வந்து மனைவி சரோஜாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். "எங்க, எப்படிக் கேக்கறீங்க, என்னக் கேளுங்க" என்றாள். நான் ஆஸ்பத்திரியில் நிற்பதுபோலவே நின்று, "செத்துப் போகணுங்கற மாதிரி எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லியே?" என்றேன்.

சரோஜா பிதுக்குவதை நிறுத்தவில்லை. "வேலைக்காரி கிட்ட, பால் ஒண்ணும் பொங்கிடலியேன்னு கேக்கற மாதிரி இருக்கு. 'இல்லியே'ன்னு கேட்டா 'இல்ல'ன்னுதான் சொல்லுவாங்க. நீங்க பதிலையும் சேத்துக் குடுத்துட்டு கையெழுத்து மட்டும் கேக்கறீங்க" என்றாள். அப்புறம், "நின்னுக்கிட்டுக் கேக்காதீங்க, கடியாரத்தப் பாக்காதீங்க" என்றும் சொன்னாள். அவள் எட்டாம் வகுப்பு. நான் அட்டை இல்லாத புத்தகங்களில் அதுவரை படித்ததெல்லாம் இந்த நாலு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்து, நேராகப் பார்த்து, "சரோஜா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டேன். "உங்க தங்கச்சி வந்து தங்கறப்பல்லாம் தோணும். இப்ப இல்ல" என்றாள்.

மறுநாள் ஒன்பதாவது ஆள், தள்ளுவண்டியில் காய் விற்கிறவர். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சரோஜா சொன்னபடி கேட்டேன். மூன்று நாளாக அந்தக் கட்டிலில் இருந்தவர். "இதக் கேக்கறதுக்கு மூணு நாளா சார் உங்களுக்கு?" என்றார்.

ஜெராக்ஸ்

எமர்ஜென்சிக்கு வரும் எந்தக் குடும்பத்திலும் யாரும் வேண்டுமென்று எதையும் விழுங்குவதில்லை. இருட்டில் இருமல் மருந்து என்று நினைத்துவிட்டார்கள், தலைவலி மாத்திரை கைதவறிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் நான் பார்த்த அத்தனை குடும்பங்களுக்கும் கண் பார்வையில்தான் கோளாறு. மல்லேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இன்னும் நினைவிருக்கிறது. மூன்று தலைமுறைக்கு முன் அரசாங்க உத்தியோகத்துக்காக இங்கே வந்து தங்கியவர்கள். பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது, நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டு மாதம். சத்து மாத்திரை ஒன்றுக்குப் பதில் வேறொரு டப்பாவையே எடுத்துவிட்டாள் என்றார் தகப்பனார். அவரும் அம்மாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் காவல் நின்றார்கள். நான் என்ன கேட்டாலும் பதில் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது, நடுவிலிருந்து வரவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் 'கொஞ்சம் வெளியே இருங்கள்' என்றால் சந்தேகம் வரும். நான் கண்டுபிடித்த வழி ஜெராக்ஸ். "பேஷண்ட் ஆதார், உங்க ரெண்டு பேர் ஆதார், முன்னும் பின்னும், ஆறு ஆறு காப்பி வேணும் சார்" என்றேன். ஆஸ்பத்திரி உயிரைக் கேட்டால் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. ஜெராக்ஸ் கேட்டால் யாரும் கேட்பதில்லை. கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. வரிசை இருக்கும், அவசரப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். அவர்கள் போன பிறகு முக்காலியைப் போட்டேன். கேட்டேன். "தோணுது" என்றாள். எப்போதிலிருந்து என்றேன். "தீபாவளிக்கு முன்னாடியிலேர்ந்து." வீட்டில் யாரும் கேட்கவில்லையா என்றேன். "கேட்டாங்களே, ரிசப்ஷனுக்கு எந்தக் கலர் புடவைன்னு" என்றாள். அப்புறம் அழுதாள். நான் பேசவில்லை. எங்கள் வேலையில் முக்கால் பங்கு அதுதான்.

தகப்பனார் பதினெட்டுத் தாள்களையும் வரிசையாக அடுக்கிக் கிளிப் போட்டுக் கொண்டுவந்தார். மனநல டாக்டர் வரும்வரை பெண் இங்கேதான் இருக்க வேண்டும் என்றதும் முகம் மாறியது. கல்யாண வீடு, நாலு பேர் என்ன சொல்வார்கள், எனக்கு மேலிடத்தில் ஆள் தெரியும் என்றெல்லாம் ஆரம்பித்தார். அவள் சொன்னதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே அவளிடம் கேளுங்கள் என்றேன். அரைமணி நேரம் வராந்தாவில் நடந்தார். அரசாங்கத்துக்கு நாற்பது வருஷம் வரைவுக் கடிதம் எழுதிக் கொடுத்த மனிதர். திரும்பி வந்து என் காதருகே குனிந்து, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார். "என்னன்னு கேக்கறது?"

விசாரணை

எமர்ஜென்சி வாசலில் ஒரு போலீஸ் அவுட்போஸ்ட் உண்டு. மேஜை, ஒரு ரிஜிஸ்டர், ஒரு கான்ஸ்டபிள். அவர்தான் 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று எல்லாரையும் கேட்பவர். சட்டம் மாறிவிட்டது, இப்போதெல்லாம் அப்படி மிரட்டக் கூடாது என்று நான் பல தடவை சொல்லிச் சொல்லி, அவர் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். ஒரு பகல், கூட்டம் குறைந்த நேரம், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "பிரதர், ஸ்வல்ப டைம் இதியா?" என்று, கொஞ்சம் நேரம் இருக்குமா எனக் கன்னடத்தில் ஆரம்பித்து, ரகசியம் வெளியே போகக் கூடாதென்றோ என்னவோ, தமிழுக்கு மாறினார். மனைவி பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விட்டாள், எட்டு மாதம் ஆகிறது, தூக்கம் இல்லை, இந்த ரிஜிஸ்டரில் எழுதும்போது சில நாள் கடைசிப் பெயர் தன்னுடையதாக இருந்தால் என்ன என்று தோன்றுகிறது என்றார். முக்காலியை இழுத்துக் கொடுத்தேன். உட்காருமுன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இதுக்கு நீங்க ரிப்போர்ட் ஏதும் எழுத மாட்டீங்கல்ல?" என்று கேட்டார்.

இதயம் நன்றாக இருக்கிறது

வைட்ஃபீல்டிலிருந்து கம்பெனி வண்டியில் வரும்போது நெஞ்சு படபடத்து, கை மரத்து, சாகப் போகிறோம் என்று நினைத்து நடுவழியில் இறங்கி வந்த கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன். முப்பது வயதில் மேனேஜர். ஈ.சி.ஜி., ரத்தம், எல்லாம் பார்த்து இதயத்தில் ஒன்றும் இல்லை என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவனுக்கு அதில் கோபம். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் லேப்டாப், காதில் இரண்டு பக்கமும் கருவி. பேசலாமா என்றேன். "மியூட்ல இருக்கேன், சொல்லுங்க" என்றான்.

மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று சொல்லிக் கொடுத்தேன். அதைக் குறிப்பெடுத்துக்கொண்டான். உயிரை விட முயன்று வந்தவன் இல்லை, ஆனாலும் வழக்கப்படி அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒரு காதிலிருந்து கருவியை எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப்பையும் மூடினான். அவன் சொன்னது அவனோடு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தபோது ஒன்று சொன்னான், அதை மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன். "எங்க கம்பெனியிலும் வாராவாரம் 'எப்படி இருக்கீங்க'ன்னு கேக்கறாங்க சார். ஸ்க்ரீன்ல அஞ்சு மூஞ்சி போட்டிருக்கும். சிரிக்கிற மூஞ்சியை அழுத்தலேன்னா மீட்டிங் வெச்சிடுவாங்க."

பொறுமைசாலி

நான் கெட்டிக்காரன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இது. ஒரு திங்கட்கிழமை காலை, ஐம்பது வயது ஆட்டோக்காரர் ஒருவரை அவருடைய ஸ்டாண்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். திட்டுகிறார், தள்ளுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார். போன வாரம் வீட்டில் பெரிய சண்டை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். டியூட்டி டாக்டர் இரண்டு விபத்துக் கேஸ்களுக்கு நடுவில் இருந்தார். "உங்க ஆளு பிரதர்" என்று கைகாட்டினார். நானும் என் ஆள்தான் என்று நம்பிவிட்டேன்.

இருபது நிமிஷம். புத்தகத்தில் உள்ள அத்தனையும் செய்தேன். குரலைத் தாழ்த்தினேன், கையைப் பிடித்துக்கொண்டேன், கோபம் வருவது நியாயம்தான் என்றேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியது; துக்கம் வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா ருக்கு, மாப்பை நிறுத்திவிட்டு, "இன்னா பிரதர், எங்க வூட்டுக்காரருக்குச் சக்கரை எறங்கினா இப்டித்தான் வேர்க்கும், இப்டித்தான் என்னைத் திட்டும். விரல்ல குத்திப் பாத்தீங்களா?" என்றாள். குத்திப் பார்த்தால் முப்பத்தெட்டு. இன்னும் கொஞ்ச நேரம் நான் ஆறுதல் சொல்லியிருந்தால் ஆள் போயிருப்பார்.

ஊசி வழியே குளுகோஸ் ஏறி ஐந்தாவது நிமிஷம் அவர் மரியாதையாக எழுந்து உட்கார்ந்தார். வீட்டில் சண்டை நடந்தது வாஸ்தவம், ஆனால் அது டி.வி. ரிமோட்டுக்காக. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் சர்க்கரை பார்ப்பேன், அப்புறம்தான் முக்காலி. அவர் தன் கையைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நீங்க யாரு சார்? எதுக்கு இவ்ளோ நேரமா என் கைய விடாம புடிச்சினு இருக்கீங்க?"

கட்டில் எண் பதினொன்று

நான் முக்காலியில் உட்காரத் தொடங்கிய பன்னிரண்டாம் வருஷம் சரோஜா போனாள். சிறுநீரகம். ஒன்றரை வருஷம் வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மேல்மாடியில். பதினாறாம் நாள் காரியம் முடித்து மறுநாள் டியூட்டிக்கு வந்தேன். எல்லாரும் அன்பாக இருந்தார்கள். டாக்டர் தோளைத் தட்டினார். சிஸ்டர்கள் "தைரியமா இருங்க பிரதர்" என்றார்கள். சூப்பரின்டெண்டென்ட், வேலைதான் சிறந்த மருந்து என்று சொல்லி, இரண்டு ஷிப்ட் போட்டுக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷம் என் பக்கத்தில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாரும், என்னிடம் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சாப்பாட்டைத்தான் கேட்டிருப்பேன்.

டியூட்டிக்கு வந்த இரண்டாம் நாள் மதியம், டிரஸ்ஸிங் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ருக்கு மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் முக்காலியை இழுத்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "பிரதர், செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்றாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல ருக்கு" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை. அப்படி எவ்வளவு நேரம் இருந்தாள் என்று தெரியாது. சரோஜாவின் மிச்ச மருந்தெல்லாம் இன்னும் வீட்டில் இருக்கிறது என்று நானே சொன்னேன். வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

அவள் என் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துத் தன் மகளிடம் கொடுத்து அனுப்பினாள். மருந்துப் பை முழுசாகத் திரும்பி வந்து ஃபார்மஸிக்குப் போயிற்று. பிறகு பதினோராம் எண் கட்டிலில் புது விரிப்பை விரித்தாள். அன்று புதன்கிழமை. வாசலில் பதினைந்து பேர் காத்திருக்கிறார்கள், ஸ்ட்ரெச்சரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒரு கட்டிலை நான் அடைத்துக்கொள்வது நியாயமில்லை, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். என்னிடம் எத்தனையோ பேர் சொன்ன அதே வார்த்தைகள். ருக்கு தலையணையைத் தட்டிப் போட்டாள். "வெள்ளிக்கிழம டாக்டர் வருவாரு, உங்க பேர எழுதியாச்சு. அதுவரிக்கும் கட்டில காலி பண்ணக் கூடாது. ரூல் நீங்க போட்டது, நா போடல."

சர்டிபிகேட்

ஆறு மாதத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்ததை முடித்துவைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. முதலில் அனுமதி தந்த சூப்பரின்டெண்டென்ட் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவருக்கும் பின் ஒருவர் வந்தார். இவர் கட்டில்களைக் கணினியில் பார்க்கிறவர். ஒரு நோயாளி உடம்பு தேறிய பிறகும் இரண்டு நாள் ஏன் படுத்திருக்கிறார் என்று திரையைக் காட்டிக் கேட்டார். சொன்னேன். யார் உத்தரவு என்றார். வாய்மொழி என்றேன். எழுத்தில் இல்லாததை இந்த மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம் என்றார். எமர்ஜென்சிக்குத் திரும்பினேன். பதினைந்து வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக, அடுத்து வரப்போகிற ஒரு வேலுச்சாமியின் முகத்தை முன்கூட்டியே பார்த்ததுபோல் இருந்தது.

மாதக் கடைசிக்கு முன், ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று கொடுக்கும் ஆட்கள் ஆய்வுக்கு வந்தார்கள். அதில் ஓர் அம்மாள், எமர்ஜென்சியில் நின்று, உயிரை விட முயன்று வருகிறவர்களை வீட்டுக்கு அனுப்புமுன் யார் பேசுகிறார்கள், என்ன ஏற்பாடு என்று கேட்டார். அவருடைய பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. சூப்பரின்டெண்டென்ட் ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. என் தோளில் கை போட்டு முன்னால் இழுத்து, "எங்கள் மூத்த மனநல நர்ஸ். பதினைந்து வருஷமாக இங்கே இது விதி" என்றார். அந்த அம்மாள் பழைய கேஸ் ஷீட்டுகளை அரைமணி நேரம் புரட்டினார். இப்படி வேறெங்கும் பார்க்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் சூப்பரின்டெண்டென்ட் என்னைக் கூப்பிட்டு, கோப்பில் வைக்க மனநல நர்சிங் சர்டிபிகேட் காப்பி ஒன்று கேட்டார். அப்படி எதுவும் இல்லை சார், நானாகப் படித்தது என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். அடுத்த வாரம் விதி எழுத்தில் வந்தது: எண், தேதி, கையெழுத்து, முத்திரை. அதை நடத்த, எம்.எஸ்ஸி. படித்தவர்கள் வேண்டும் என்று விளம்பரமும் வந்தது. ஓய்வுக்கு எனக்கு நான்கு மாதம் இருந்தது. கட்டுப் போடும் அறைக்கு மாற்றினார்கள். ஆர்டரைக் கையில் கொடுக்கும்போது சூப்பரின்டெண்டென்ட் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "தப்பா நெனக்காதீங்க பிரதர். நீங்க பண்ணது ரொம்ப முக்கியமான வேலைன்னு இப்பதான் தெரிஞ்சுது. அதனாலதான் உங்களைப் பண்ண விட முடியாது."

உயிரை விட முயன்று வரும் யாரையும் இப்போது அங்கே கேட்காமல் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அதற்கென்று மூன்று ஷிப்டுக்கு மூன்று நர்சுகளும், மனம்விட்டுப் பேசக் கதவு போட்ட ஒரு தனி அறையும், அந்தக் கதவில் 'பேசாதீர்கள்' என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதிய ஒரு பலகையும் இருக்கின்றன.